குதிரை வளர்ப்போர் சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகசபையினரே, அங்கத்தவர்களே,

கடந்த பொதுக்கூட்டம் முதல் இன்றுவரையான பணிகளைச் சபையின் முன் வைக்கிறேன். நிர்வாகசபை மாதந்தோறும் கூடியது. கார்த்திகை மாதக் கூட்டம் மட்டும் மழையால் நடைபெறவில்லை. கணக்கறிக்கையைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். ஆயினும் இவ்வாண்டு மருந்துக்குச் செலவானதைவிடத் தண்ணீர்த் தாங்கிகளுக்கும் வடிகாலுக்கும் அதிகம் செலவானது ஏன் என்று அங்கத்தவர் சிலர் கேட்டிருப்பதால், அதற்கு விடைகூறுவதே இவ்வறிக்கையின் பெரும்பகுதியாக அமைகிறது.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. சுண்ணாம்புக் கல்லில் தேங்கும் மழைநீரே எமது கிணறுகளில் ஊறுகிறது. சோளகம் என்னும் தென்மேல் காற்று வீசும் ஆடி, ஆவணி மாதங்களில் கரையோரக் கிணறுகள் பலவற்றில் உவர் ஏறிவிடுகிறது. வளர்ந்த குதிரையொன்று சாதாரணமாக நாளொன்றுக்கு 25 முதல் 45 லீற்றர் வரை தண்ணீர் குடிக்கும். வெயிலில் வேலை வாங்கினால் அதற்கு மேலும் குடிக்கும். தண்ணீர் உவர்த்தால் குடிப்பதைக் குறைத்துக்கொள்ளும். அந்நிலையில் காய்ந்த வைக்கோலையே தொடர்ந்து தின்றால் தீனி குடலில் இறுகி அடைத்துவிடும். குதிரையால் வாந்தியெடுக்க இயலாது. ஆகவே அதன் வயிற்றுக்குத்தை விடிந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட முடியாது.

ஆவணியில் இது நேரிலேயே தெரியவந்தது. அங்கத்தவர் ஒருவரின் பெண்குதிரை காலையிலிருந்து இலத்தி போடாமல், முன்னங்காலால் நிலத்தைக் கிளறியபடி, தன் விலாவைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு நின்றது. வெயில் களைப்பு என்றெண்ணிய உரிமையாளர் நல்லெண்ணெயையும் இஞ்சிச் சாற்றையும் கலந்து போத்தலால் வாயில் ஊற்றினார். அன்பினால் செய்ததுதான், ஆனால் அவ்வாறு ஊற்றுவது மூச்சுக்குழாய்க்குள் இறங்கினால் வயிற்றுவலியோடு நுரையீரல் அழற்சியும் சேர்ந்துகொள்ளும். நல்லவேளையாக அப்படி நேரவில்லை. கால்நடை வைத்தியர் வந்து, மூக்குவழியாகக் குழாய் செலுத்தித் தண்ணீரும் உப்புக் கரைசலும் இறக்கிய பின், மறுநாள் விடியற்காலையில் அது இலத்தி போட்டது. அந்தச் செய்தியைத் தொலைபேசியில் கேட்டு நாம் அடைந்த மகிழ்ச்சியை வெளியாருக்கு விளக்குவது கடினம்.

இதன் பின்னரே, மாரியில் கூரைநீரைச் சேமித்துக் கோடையில் கிணற்றுநீருடன் கலந்து கொடுப்பதற்கான தாங்கிகளை வாங்க நிர்வாகசபை தீர்மானித்தது. அத்துடன் ஒவ்வொரு கொட்டிலுக்கும் உப்புக்கட்டியும் ஓர் உடல்வெப்பமானியும் வழங்கப்பட்டன. உவர்த் தண்ணீருள்ள இடத்தில் உப்புக்கட்டி எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. வியர்வையில் உப்பை மிகுதியாக இழக்கும் விலங்கு குதிரை. கட்டியை அது தான் விரும்பினால் மட்டுமே நக்கும், தண்ணீரில் கலந்த உப்பையோ தவிர்க்க வழியில்லை. உடல்வெப்பம் 37.5 முதல் 38.5 பாகை செல்சியஸ் வரையிலும், ஓய்விலிருக்கும்போது நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 28 முதல் 44 வரையிலும் இருப்பது இயல்பு. நலமாயிருக்கும் நாளில் இவற்றைக் குறித்துவைத்தவருக்கே நோயுற்ற நாளில் வேறுபாடு தெரியும். கொடுத்த குறிப்பேடுகளில் பாதிக்குமேல் இன்னும் வெறுமையாகவே இருப்பதை வருத்தத்துடன் பதிவுசெய்கிறேன்.

கரையோர அங்கத்தவர்களுக்கு மணலும் ஒரு பிரச்சினை. தீனியை நிலத்தில் கொட்டினால் குதிரை மணலையும் சேர்த்து உண்கிறது. அது குடலின் அடியில் படிகிறது. இலத்தி உருண்டைகள் சிலவற்றை வாளித் தண்ணீரில் கரைத்துச் சற்று நேரம் விட்டால், மணல் அடியில் தங்குவதைக் கண்ணாலேயே காணலாம். புரட்டாதியில் நாம் இவ்வாறு பார்த்தபோது, வீட்டுக்காரர்களே வாளிக்குள் கையைவிட்டுத் தடவிப் பார்த்து வாயடைத்துப்போயினர். பழைய ரயர்களை வெட்டித் தீனித்தொட்டி செய்யும் முறை அன்றிலிருந்து பரவலாயிற்று. இதற்குச் சங்கத்துக்கு ஒரு சதமும் செலவில்லை.

ஐப்பசியில் நிலைமை தலைகீழாயிற்று. கோடையில் தண்ணீருக்கு ஏங்கிய அதே குதிரைகள் மாரியில் கணுக்கால் சேற்றில் நின்றன. ஈரத்திலும் இலத்தியிலும் நிற்கும் குளம்பின் அடியில், முக்கோணமாக மெத்தென்றிருக்கும் பகுதி அழுகி, கறுத்த கசிவும் தீய நாற்றமும் உண்டாகின்றன. எம்மூரில் சவாரி மாடுகளுக்கு லாடன் அடிக்கும் அனுபவசாலிகள் உள்ளனர். மாட்டின் குளம்பு பிளவுபட்டது, குதிரையினதோ ஒற்றைக் குளம்பு. இரண்டையும் ஒரே கையால் வெட்டக்கூடாது என்பதை அவர்களே முதலில் ஒப்புக்கொண்டனர். அவர்களில் இருவர், கால்நடை வைத்தியரின் மேற்பார்வையில், குதிரைக் குளம்பைச் சீர்செய்யப் பழகிவருகின்றனர். ஆறு முதல் எட்டு வாரத்துக்கு ஒருமுறை குளம்பு வெட்டுவதும் நாள்தோறும் அடிப்பகுதியைச் சுரண்டிச் சுத்தம் செய்வதும் தவிர்க்க முடியாதவை. கிறவல் போட்டு நிலத்தை உயர்த்தி வாய்க்கால் வெட்டிய கொட்டில்களில் இம்மாரியில் அழுகல் காணப்படவில்லை. வடிகால் செலவுக்கு இதுவே எனது விடை.

சேற்றுக்குள் மறைந்துகிடக்கும் ஆணி குளம்பில் ஏறினால் ஏற்புவலி (ரெற்றனஸ்) வரும் அபாயம் உண்டு. வீட்டு விலங்குகளுள் குதிரையே அந்நோய்க்கு மிக எளிதில் ஆட்படுவது. எனவே ஏற்பு ஊசியைப் பிற்போடுவோரிடம் நிர்வாகசபை இனிக் கண்டிப்பாக நடந்துகொள்ளும். மழைக்குப் பின் தளதளவென்று முளைக்கும் புல்லில் குதிரையைத் திடீரென நாள் முழுவதும் விடுவதும் குளம்பின் உட்புறத்தில் அழற்சியை உண்டாக்கலாம். முதல் வாரங்களில் நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டவேண்டும். பூச்சிமருந்து, பல் அராவுதல் ஆகியவை வழமைபோல நடைபெற்றன.

நெடுந்தீவுக் குதிரைகள் குறித்தும் சில சொற்கள் கூறவேண்டும். ஐரோப்பியர் ஆட்சிக்காலத்தில் கொண்டுவரப்பட்டவற்றின் வழிவந்த அக்குதிரைகள் கட்டாக்காலிகளாகத் திரிகின்றன. அத்தீவின் ஒரு பகுதி 2015ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. கற்பாங்கான தரையில் நடந்தே குளம்பு தேயும் அவற்றுக்கு எமது கத்தி தேவையில்லை. கடுங்கோடையில் நீர்நிலைகள் வற்றும்போது மடிந்துபோகும் அவற்றுக்குத் தேவையானது தண்ணீரே. குறிகட்டுவானிலிருந்து படகேறிச் செல்லும்போது பாணும் பிஸ்கற்றும் கொண்டுசென்று ஊட்டுவதை அங்கத்தவர்கள் நிறுத்தவேண்டும். கோடைக்கு முன்னரே தொட்டிகளை நிரப்ப ஏற்பாடு செய்யுமாறு வனஜீவராசிகள் திணைக்களத்துக்கு ஒரு விண்ணப்பம் தயாரித்துள்ளோம். அது இன்று கையொப்பத்துக்காக மேசையில் வைக்கப்பட்டுள்ளது.

அடுத்த ஆண்டுக்காக நிர்வாகசபை ஒரேயொரு தீர்மானத்தை முன்மொழிகிறது: சந்தாவை உயர்த்தாமல், இம்முறை விடுபட்ட கொட்டில்களுக்கும் கூரைநீர்த் தாங்கி அமைக்கும் வேலையை வைகாசிக்குள் தொடங்கி, ஐப்பசி மழைக்கு முன் முடிக்கவேண்டும். இவ்வறிக்கையை ஏற்று, அத்தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு விடுமாறு தலைவரைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்