மூன்றாவது பீரோவுக்கு முன்பணம் கொடுக்காதே

அன்புள்ள உஷா,

உன் கடிதத்துக்குப் பதில் போடாமல் எட்டு மாதத்தை ஓட்டிவிட்டேன். கோபமாகத்தான் இருப்பாய், நியாயமும் உண்டு. இங்கே எல்லோரும் சௌக்கியம். இவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, பையன் புனேயிலேயே இருக்கிறான், மாமியாருக்கு 83 முடிந்தது. நேற்று பேபி போன் பண்ணும்போது நீ மூன்றாவது பீரோ வாங்கப்போகிறாய் என்றாள். அதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இதைப் படிக்கும்வரை கடைக்காரருக்குப் பணம் எதுவும் கொடுத்துவிடாதே.

ஆகஸ்டில் மும்பை மழை கொட்டியபோது எங்கள் பரண் ஒழுகியது. எங்கிருந்து ஒழுகுகிறது என்று பார்க்க வந்த கொத்தனார், சாமான் எல்லாவற்றையும் இறக்கினால்தான் சுவரைப் பார்க்க முடியும் என்று சொல்லிவிட்டார். இறக்கினோம். உஷா, அந்தப் பரணில் என்னவெல்லாம் இருந்தது என்று உன்னிடம் சொன்னால்தான் எனக்கு ஆறும். டிவி வந்த அட்டைப்பெட்டி (அந்த டிவி போய் பத்து வருஷமாகிறது), ஐஸ்கிரீம் டப்பா 31, பையனின் ஐந்தாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரையிலான நோட்டுகள், கைப்பிடி உடைந்த மூன்று மிக்ஸி ஜார், 1994லிருந்து எல்லா கேஸ் ரசீதும், கல்யாணச் சீராக வந்து ஒருநாள்கூட அடுப்பேறாத எவர்சில்வர் அடுக்கு, கொலுப்பெட்டி மூன்று. பாதியில் பூஞ்சை. கூடத்தில் கால் வைக்க இடமில்லை, மூன்று நாள் எல்லோரும் சமையலறையில்தான் படுத்தோம்.

முதலில் எனக்கு வந்தது அழுகைதான். ஆபீஸிலிருந்து வீடு வந்து சேர ஏழரை, எட்டு ஆகும், உனக்குத் தெரியும். கிடைப்பது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அந்த ஞாயிறு எங்கே போகிறது என்று இத்தனை வருஷமாக எனக்குப் புரிந்ததே இல்லை. துடைப்பது, ஒன்றை எடுக்க நாலை நகர்த்துவது, காணாமல்போன இன்சூரன்ஸ் பேப்பரைத் தேடுவது, பாச்சைக்கு மருந்து வைப்பது, தேடிக் கிடைக்காத கத்தரிக்கோலுக்காக இவரிடம் சண்டை போடுவது, இதிலேயே சாயங்காலம் ஆகிவிடும். வீட்டில் அத்தனை சாமான்களுக்கும் நான்தான் ஆயா என்பது அந்தக் குவியலுக்கு நடுவில் உட்கார்ந்தபோதுதான் உறைத்தது.

சரி, அதன்பிறகு நாலு ஞாயிறு விடாமல் உட்கார்ந்தேன். ரத்திவாலா வந்து பழைய பேப்பரும் நோட்டுமாக 46 கிலோ எடுத்துக்கொண்டு போனார். இரும்பும் ஓட்டை அலுமினியமும் பழைய உலோகம் வாங்கும் பங்கார்வாலாவுக்கு. பழைய துணிக்குப் பாத்திரம் தருகிற பாண்டிவாலி இன்னும் வருகிறாள், உன்னிடம் ஒரு தூக்குச்சட்டிக்காக அரைமணி நேரம் மல்லுக்கட்டினாளே அவளுடைய மருமகள். ஏழு சிந்தெடிக் புடவைக்கு ஒரு டப்பா தருவதாகச் சொன்னாள். நான் டப்பா வேண்டாம், காசாகக் கொடு என்றேன். அவள் விழித்த விழி இருக்கிறதே! டப்பா வேண்டாம் என்று சொல்கிற பெண்பிள்ளையை அவள் அன்றுதான் பார்த்தாளாம்.

அம்மாவின் நூல் புடவைகள்தான் கஷ்டமாக இருந்தன. பதினொன்று இருந்தன, துவைத்துத் துவைத்துத் துணி பூவாகிவிட்டது. கட்டவும் முடியாது, பாண்டிவாலியிடம் போடவும் மனசு வராது. கடைசியில் பழைய துணி சேகரிக்கும் தொண்டு நிறுவனமான கூஞ்ச்சுக்குக் கொடுத்தேன். 1999ல் தில்லியில் அன்ஷு குப்தா தொடங்கியது, இங்கேயும் வாங்கிக்கொள்கிறார்கள். கிராமத்து ஜனங்கள் தங்கள் ஊருக்காகக் குளம் தூர்வாரினால், பாதை போட்டால், அந்த உழைப்புக்குப் பதிலாகத் துணியும் சாமானும் கிடைக்கும். தானம் என்று யார் கையையும் தாழ்த்துவதில்லை. வெளுத்த நூல் துணியையும் வீணாக்காமல் பெண்களுக்கு மாதவிடாய் நாப்கின் தைத்துவிடுகிறார்கள். இது தெரிந்ததும் எனக்கு மனசு லேசாகிவிட்டது. அம்மா இருந்திருந்தால் அவளே மடித்துக் கொடுத்திருப்பாள். ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டேன், அந்த மாம்பழக் கலர், உனக்கு ஞாபகம் இருக்கும்.

இப்போது ஒரு விஷயம் சொல்கிறேன், இதை இவரிடம்கூட முழுசாகச் சொல்லவில்லை. வேகம் பிடித்துவிட்டது எனக்கு. மூன்றாவது ஞாயிறு, மாமியார் கோயிலுக்குப் போன நேரத்தில், அவருடைய வெண்கல உருளியையும் பங்கார் மூட்டையில் சேர்த்துவிட்டேன். எட்டு கிலோ, விளிம்பில் விரிசல், யாரும் தொட்டுப் பல வருஷம் ஆயிற்று. அவர் வந்து பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்றார். படுக்கப் போகும்போது, "என் சாமானை எடுக்க ஆரம்பிச்சாச்சு, நான் இன்னும் இருக்கேன்மா" என்றார். அவ்வளவுதான். உஷா, எனக்கு அன்று தூக்கமே இல்லை. அந்த உருளியில்தான் அவர் என் சீமந்தத்துக்குத் திரட்டுப்பால் கிளறினார். நீதான் பக்கத்தில் நின்று வழித்துச் சாப்பிட்டாய்.

விடியற்காலையில் பங்கார்வாலாவிடம் ஓடினேன். தாராவிக்கு அனுப்பும் மூட்டையில் கட்டிவைத்திருந்தார்கள், நல்லவேளை வண்டி கிளம்பவில்லை. நான் விற்ற விலையைவிடக் கூடக் கொடுத்து மீட்டுக்கொண்டு வந்தேன். புளி போட்டுத் தேய்த்து அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தேன். கையால் தடவிப் பார்த்தார், பார்த்துவிட்டு "பேபிக்குக் கொடுத்துடு, அவ நெறைய பேருக்குச் சமைக்கிறவ" என்று அவரே சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அவருடைய பெட்டியை அவரே திறக்கிறார். ஒரு நாளைக்கு ஒரு சாமான், அதற்கு ஒரு கதை. சிலது போகும், சிலது திரும்பவும் உள்ளே போகும். நான் அவசரப்படுத்துவதில்லை.

இப்போது பீரோ விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் கூடத்துச் சாம்பல் நிறப் பீரோ எங்களுடையதே இல்லை, அதை நீ பார்த்ததும் இல்லை. 2005 ஜூலை 26 மழை, சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் கொட்டியதே, அப்போது கீழ்வீட்டு மாமி வீட்டில் இடுப்பளவு தண்ணீர். வடிந்தபிறகு துரு ஏறாமல் காயட்டும் என்று பையன்கள் நாலு பேர் அந்தப் பீரோவை மேலே தூக்கிவந்து எங்கள் ஜன்னலை அடைத்து நிறுத்தினார்கள். இரண்டு வாரத்தில் எடுத்துக்கொள்கிறேன் என்றார் மாமி. வீட்டை விற்றுவிட்டு முலுண்டு போய்விட்டார். காலிப் பீரோ காலியாகவா இருக்கும்? ஒரே வருஷத்தில் நிரப்பிவிட்டோம், அப்புறம் நகர்த்த முடியவில்லை.

இந்த மாதம் நகர்த்தினோம். பின்னால் ஜன்னல்! நீயும் நானும் மொச்சை உரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போமே, அதே ஜன்னல். கொக்கி துருப்பிடித்துக் கிடந்தது, எண்ணெய் விட்டுத் தட்டித் திறந்தேன். மூன்றாம் மாடி மாமா சொல்லிச்சொல்லி நம்மை அறுப்பாரே, 1896ல் பிளேக் வந்து ஜனங்கள் லட்சக்கணக்கில் பம்பாயைவிட்டு ஓடினார்கள், 1898ல் ஊரைச் சீர்படுத்த இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் அமைத்தார்கள், ஊர் நெரிசலைக் குறைக்கக் காற்றும் வெளிச்சமும் வருகிற மாதிரி நம் மாட்டுங்காவில் மனை பிரித்தார்கள் என்று. அப்போது கொட்டாவி விட்டோம். அன்று அந்த வெளிச்சம் தரையில் விழுந்தபோது மாமாவை நினைத்துக்கொண்டேன். காற்றுக்காகவே போட்ட பேட்டையில் குடியிருந்துகொண்டு, 20 வருஷம் பகலிலும் டியூப்லைட் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறோம்.

இப்போது ஞாயிறு மத்தியானம் ஜன்னலோரம் பாய் போட்டுப் படிக்கிறேன். மாமியார் அங்கேதான் காய் நறுக்குகிறார். இவர் காபியோடு வந்து உட்கார்ந்து பேசுகிறார், நிஜமாகவே பேசுகிறார்! கொலுவுக்கும் அங்கேதான் படி, இந்தத் தடவை ஐந்து படி போதும்.

அதனால்தான் சொல்கிறேன். உன் வீட்டில் மூன்றாவது பீரோ எந்தச் சுவரில் நிற்கப்போகிறது? அந்த மேற்கு ஜன்னல் பக்கம் என்றால் வேண்டவே வேண்டாம்டி. முதல் இரண்டில் என்ன இருக்கிறது என்று ஒருதடவை வெளியே எடுத்துப் பார். உன் வீட்டுக்காரர் ஸ்கூட்டர் டயரைக்கூடத் தூக்கிப் போடவிட மாட்டார் என்று தெரியும். அவருடையதைத் தொடாதே, உன்னுடையதிலிருந்து ஆரம்பி.

ஒன்று கேட்க வேண்டும். பரணின் கடைசி மூலையில் உன் நீல டிரங்குப் பெட்டி இருந்தது, 1997ல் வீடு காலி செய்யும்போது வைத்துவிட்டுப் போனது. பூட்டு துருவேறி இருக்கிறது, ஆனால் உள்ளே ஈரம் இறங்கியதாகத் தெரியவில்லை. உலுக்கினால் ஏதோ சலங்கை மாதிரி சத்தம் கேட்கிறது. நான் திறக்கவில்லை. அனுப்பவா, நீயே வந்து எடுத்துக்கொள்கிறாயா? கொலுவுக்கு வந்தால் ஜன்னலோரத்தில் பாய் இருக்கிறது.

உன்,
கல்யாணி