குருவிக்கு, மூணு மாசத்துக்கும் சேத்து

ஏட்டி குருவி,

நல்லா இருக்கியா, அண்ணன் நல்லா இருக்காரா, சின்னவன் பரீட்சையெல்லாம் முடிச்சிட்டானா. நீ தீவாளிக்கு அனுப்புன அதிரசம் வந்து சேந்துச்சு, ஒண்ணுகூட ஒடையல. வந்துச்சுன்னு ஒரு போன் பண்ணிச் சொல்லல, ஆவணியில இருந்து மாசா மாசம் போட வேண்டிய லெட்டரும் போடல, நீ கோவத்துல இருப்பன்னு தெரியும். உனக்குக் கோவம் வந்தா மூக்கு நுனி மட்டும் செவந்துரும், வார்டன் அத வச்சே கண்டுபுடிச்சிருவாங்க, அந்த மூக்க நெனச்சுக்கிட்டேதான் எழுதுறேன்.

அதிரசத்துல நான் ஒண்ணுகூடத் திங்கல. அதச் சொல்லத்தான் இந்த லெட்டரே. எனக்கு சுகர் வந்திருக்கு. வலது கை தோளுக்கு மேல போகல. இது ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்குன்னு டாக்டர் சொல்லித்தான் எனக்கே தெரியும். போன்ல சொன்னா நீ அழுவ, நானும் அழுவேன், விஷயம் பாதியில நின்னு போகும், அதான் எழுத்துல சொல்லிறலாம்னு உக்காந்தேன். நாலு நாளா எழுதுறேன், பாதி போன்ல பேசி, பாதி இடது கைக் கட்டைவிரலால தட்டி. அங்கங்க கோர்வை இல்லாம இருந்தா பொறுத்துக்கோ.

ஆடி கடைசியில ஆரம்பிச்சது. மேல் அலமாரியில உளுந்து டப்பாவ எடுக்கப் போனேன், தோளுக்குள்ள கத்திய வச்சு இழுத்த மாதிரி ஒரு வலி, டப்பா கீழ விழுந்து உளுந்தெல்லாம் சிதறிருச்சு. சுளுக்குன்னு நெனச்சு விட்டுட்டேன். அப்புறம் நைட்டு வலது பக்கம் ஒருக்களிச்சுப் படுக்க முடியல, தூக்கத்துல தெரியாமத் திரும்பிட்டா வலியில எந்திரிச்சு உக்காந்துருவேன், விடியுற வரைக்கும் அப்படியே தலகாணிய மடியில வச்சு அதுமேல கைய வச்சுக்கிட்டு இருப்பேன். ஆவணியில தலை பின்ன முடியாமப் போச்சு. அவருதான் பின்னி விட்டாரு. கல்யாணம் ஆன 26 வருஷத்துல மொத தடவ அந்த மனுஷன் என் முடியப் பிடிச்சு மூணு பிரியா பிரிச்சு, எது மேல எது போகணும்னு தெரியாம ரெண்டு தடவ அவுத்துட்டு, மூணாவது தடவ சரியா பின்னிட்டாரு. கண்ணாடியில அவரு மொகத்தப் பாத்துக்கிட்டே இருந்தேன் குருவி, கணக்குப் பரீட்சை எழுதுற பையன் மாதிரி அவ்வளவு கவனம். அன்னைக்குத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகலாம்னு சம்மதிச்சேன். அதுக்கு முன்னாடி ஒருத்தர்ட்ட எண்ணெய் போட்டு நீவி விட்டோம், அது வலிய இன்னும் கூட்டிருச்சு, தயவுசெஞ்சு நீ யாருக்கும் அப்படி சிபாரிசு பண்ணாத.

எலும்பு டாக்டர் மொதல்ல எக்ஸ்ரே எடுக்கல. முழங்கைய விலாவோட ஒட்டி வச்சுக்கிட்டு, முன்கைய மட்டும் கதவு தொறக்குற மாதிரி வெளிப்பக்கம் திருப்பச் சொன்னாரு. இடது கை முழுசாத் தொறந்துச்சு. வலது கை கொஞ்சம் போயி நின்னுருச்சு. சரி விடுங்கன்னு அவரே புடிச்சு மெதுவாத் திருப்பிப் பாத்தாரு, அப்பவும் அதே எடத்துல முட்டி நின்னுச்சு. நாம தூக்கினாலும் போகல, அடுத்தவங்க தூக்கினாலும் போகலன்னா அது சதை இல்லம்மா, மூட்டச் சுத்தி ஒரு உறை இருக்கு, அது தடிச்சு இறுகிப் போச்சு, ஃப்ரோசன் ஷோல்டர்னு சொன்னாரு. மொதல்ல வலி, அப்புறம் இறுக்கம், அப்புறம் தானா மெல்ல மெல்ல விடும், மொத்தமா ஒரு வருஷத்துல இருந்து மூணு வருஷம் வரைக்கும்கூட ஆகலாமாம். நாப்பதுல இருந்து அறுபது வயசுக்குள்ள வர்றது, பொம்பளைங்களுக்குக் கூடுதல். எல்லாம் சொல்லிட்டு அடுத்த கேள்வியா, சுகர் எப்பப் பாத்தீங்கன்னு கேட்டாரு.

எப்பப் பாத்தேன்? போன வருஷம் ஒரு எடத்துல முழு உடம்பும் செக்கப் பண்ணப்போ ஹெச்பிஏ1சிங்கிற சுகர் டெஸ்ட்ல 6.2ன்னு வந்துச்சு, பார்டர்தான், ஸ்வீட்ட மட்டும் கொறச்சுக்கோங்கன்னு ஒரே வரியில அனுப்பிட்டாங்க. 5.7 தாண்டினாலே எச்சரிக்கை, 6.5ல சுகர்னே பேரு வச்சிருவாங்க, நடுவுல நிக்கிறது சரி பண்ணிக்கிறதுக்குன்னே இருக்கிற காலம், அந்த நேரத்துல நடந்து, சாப்பாட்ட மாத்தியிருந்தா திருப்பியிருக்கலாம்னு எனக்கு அன்னைக்கு யாரும் உக்காரவச்சுச் சொல்லல. அந்தக் கோவம் எனக்கு இன்னும் போகல. இப்ப பாத்ததுல வெறும் வயித்துல 168, ஹெச்பிஏ1சி 8.1. அந்த டெஸ்ட் எப்படின்னு கேட்டுத் தெரிஞ்சுக்கிட்டேன், ரத்தத்துல செவப்பணு கிட்டத்தட்ட 120 நாள் உயிரோட இருக்கும், சர்க்கரை அதுல போயி ஒட்டிக்கிட்டே இருக்கும், எவ்வளவு ஒட்டியிருக்குன்னு பாத்தா ரெண்டு மூணு மாசமா நாம எப்படி இருந்தோம்னு மொத்தமாத் தெரிஞ்சிரும். முந்துன நாள் பட்டினி கெடந்து ஏமாத்த முடியாது. நம்ம கணக்கு டீச்சர் திடீர்னு பழைய நோட்ட எடுக்கச் சொல்ற மாதிரி.

வீட்டுக்கு வந்து மூணு நாள் யார்ட்டயும் பேசல. எங்கப்பா ஞாபகம்தான். கடலமிட்டாய் இல்லாம டீ குடிக்க மாட்டாரு, கோவில்பட்டியில பொறந்துட்டு கடலமிட்டாய் திங்காம இருக்கிறது பாவம்னு சொல்வாரு, கடைசியில கால் பெருவிரல எடுத்தப்போ மொகத்தத் திருப்பிக்கிட்டு செவத்தப் பாத்தே படுத்திருந்தாரு. உனக்குத் தெரியுமே, நீயும் வந்திருந்தியே.

இப்ப பரவாயில்ல. மாத்திரை ரெண்டு வேளை, சாப்பாட்டோட. மொத பத்து நாள் வயித்தப் பெரட்டுச்சு, அப்புறம் பழகிருச்சு. இட்லி அஞ்சுல இருந்து மூணாச்சு, தட்டுல மொதல்ல காய், அப்புறம் பருப்பு முட்ட, கடைசியிலதான் சோறு. ஆளாளுக்கு வெந்தயம், ஆவாரம்பூ, பாகக்காச் சாறுன்னு சொல்றாங்க. கருப்பட்டி போட்டா ஒண்ணும் செய்யாதுங்காங்க, கருப்பட்டியும் சர்க்கரைதான்னு சொன்னா ஒத்துக்க மாட்டேங்காங்க. குதிரவாலிச் சோறும் அப்படித்தான், நம்ம கரிசல்ல வெளஞ்சதுன்னு ஆசையா வாங்கி வயிறு முட்டத் தின்னேன், மிஷின்ல குத்திப் பாத்தா அன்னைக்கும் ஏறித்தான் இருந்துச்சு. அளவுதான் கணக்கு. நைட்டு சாப்ட்டதும் ரெண்டு பேரும் அர மணி நேரம் நடக்கோம். வெறும் வயித்துல இப்ப 118. தோளுக்குள்ள போட வேண்டிய ஊசிய சுகர் கொறையட்டும்னு தள்ளி வச்சிருந்தாங்க, அது போட்டா சுகர் கொஞ்ச நாளைக்கு ஏறுமாம், இந்த வாரம் போட்டாச்சு, ராத்திரி தூங்குறேன்.

பயிற்சி ரெண்டு. மேஜையில இடது கைய ஊனிக் குனிஞ்சு, வலது கையக் கெணத்து வாளி மாதிரி தொங்கவிட்டு சின்னச் சின்ன வட்டமா ஆட்டணும். இன்னொண்ணு, செவத்துல ரெண்டு விரலால நண்டு ஏறுற மாதிரி மேல ஏத்தணும், எங்க நிக்குதோ அங்க பென்சில்ல ஒரு கோடு. அடுப்படிச் செவத்துல நானே கோடு போட்டு பக்கத்துல தேதி எழுதுறேன். மொத கோடு ஸ்விட்ச் போர்டுக்கு நேரா இருக்கு. சில வாரம் ஒரே எடத்துல அஞ்சாறு கோடு ஒண்ணுமேல ஒண்ணு கெடக்கு, அத அழிக்கல. நேத்தைக்குப் போட்டது கேலண்டர் ஆணிக்கு நாலு விரல் கீழ.

எழுத்துதான் குருவி என் கவலையெல்லாம். தரையில சம்மணம் போட்டு மடியில பலகை வச்சு எழுதிப் பழகுன உடம்பு இது, பத்து நிமிஷத்துல தோள் பத்தி எரியும். அந்தக் குறுநாவல் ஏழாவது அத்தியாயத்துல, மருமக ரயில்ல ஏறப்போற எடத்துல நிக்குது. போன்ல பேசினா அதுவே தட்டிக்கிடும்னு மக சொன்னா, பேசிப் பாத்தேன். கரிசல்னு சொன்னா கரிசனம்னு போடுது. அது போகட்டும், திருத்திக்கலாம். ஆனா பேசும்போது எனக்கு வார்த்த நிக்க மாட்டேங்குது. கையால எழுதும்போது ஒரு சொல்லுக்கு முன்னாடி பேனா நிக்கும் பாரு, அந்த நிக்கிற நேரத்துலதான் அடுத்த சொல் எது வேண்டாம்னு எனக்குத் தெரியும். பேசினா எல்லாமே வந்து கொட்டிருது. கொட்டினதுல வசனம் மட்டும் நல்லா இருக்கு, மாமியா பேசுறது அச்சு அசலா எங்க தெரு ஆச்சி பேசுற மாதிரியே வந்திருக்கு, வர்ணனை ஒண்ணும் தேறல. அதனால இப்ப வசனத்தப் பேசி எடுக்கேன், மத்தத எழுதுறேன். ஃபிசியோ பண்ற பொண்ணு வீட்டுக்கே வந்து, உயரமான மேஜையில முழங்கை ஒடம்ப விட்டு விலகாம, அடியில தலகாணி வச்சு உக்காரச் சொல்லிக் குடுத்துச்சு. ஒரு நாளைக்கு ஒரு பக்கம். மூணு மாசம் ஒரு வரி எழுதாம இருந்தவளுக்கு ஒரு பக்கம் எவ்வளவு பெருசுன்னு உனக்குப் புரியும்.

படிச்சதையும் சொல்லிறேன். தடிமனான புத்தகத்த தூக்கிப் பிடிக்க முடியல, தி. ஜானகிராமன பாதியில மூடி வச்சிருக்கேன். ஒல்லியான புத்தகமாத் தேடினப்போ, எழுத்தாளர் கு. அழகிரிசாமி நம்ம கி. ராஜநாராயணனுக்கு, அதான் கி.ரா.வுக்கு, எழுதுன கடிதங்க கையில கெடைச்சது. அவங்க ரெண்டு பேருக்கும் ஊர் இடைசெவல், இங்க கோவில்பட்டியில இருந்து திருநெல்வேலி பஸ்ல ஏறினா ஊர் போர்டு வந்துரும், எத்தன தடவ அதத் தாண்டிப் போயிருப்போம் நீயும் நானும். அழகிரிசாமி சென்னைக்குப் போயி, மலேயாவுக்குப் போயி பத்திரிகை வேல பாத்தவரு, ஊர்ல இருந்த சேக்காளிக்கு எழுதுறாரு. கர்நாடக சங்கீதம்னா ரெண்டு பேருக்கும் உசுரு, பாட்டப் பத்தி எழுத ஆரம்பிச்சா நிறுத்த மாட்டாரு. நாலு பக்கம் படிச்சுட்டு கண்ண மூடிக்கிட்டேன். அதுல என்ன இருக்குங்கிறதவிட, அத ஒருத்தர் பத்திரமா வச்சிருந்தாருங்கிறது என்னைப் போட்டு உலுக்கிருச்சு. அழகிரிசாமி 1970லயே போயிட்டாரு, 46 வயசு. கி.ரா. 2021 வரைக்கும் இருந்தாரு. கிட்டத்தட்ட 51 வருஷம் அவரு இல்லாம இவரு இருந்திருக்காரு. எத்தன நல்ல கச்சேரி கேட்டிருப்பாரு, கேட்டுட்டு யாருக்குன்னு எழுதியிருப்பாரு? நானும் எங்க வீட்டுக்காரரும் ஒரு நாள் சாயங்காலம் இங்க கி.ரா. மணிமண்டபம் வரைக்கும் நடந்து போயி, வாசல்ல செத்த நேரம் உக்காந்துட்டு வந்தோம்.

இப்ப உன் விஷயத்துக்கு வர்றேன், எந்திரிச்சு ஓடாத.

பங்குனியில நீ போன்ல பேசினப்போ நைட்டு மூணு தடவ பாத்ரூம் போறேன், தண்ணி குடிச்சாலும் தாகம் அடங்கல, சென்னை வெயிலு அப்படின்னு சொன்ன. சரிதான்னு கேட்டுக்கிட்டேன். இப்ப அந்தப் பேச்சு எனக்கு ராத்திரியெல்லாம் காதுல கேக்குது. உங்கம்மாவுக்கு சுகர், உங்கப்பாவுக்கு சுகர். உங்கம்மா கால்ல செருப்பு கடிச்ச புண்ணு ஏழு மாசம் ஆறாம இருந்ததுக்கு, தெனம் கட்டு மாத்துனது நீ. உனக்கு நான் என்ன சொல்லிக் குடுக்கணும்? எனக்கு தாகமும் இல்ல, மயக்கமும் இல்ல, ஒண்ணுமே காட்டல, தோள் வந்து சொல்லிச்சு. உனக்கு உடம்பு வாயத் தொறந்தே சொல்லியிருக்கு. நம்ம நாட்டுல 10 கோடிப் பேருக்கு மேல சுகர் இருக்குன்னு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், அதான் ஐசிஎம்ஆர், ஆய்வு 2023ல வந்துச்சு, அது போக 13 கோடிப் பேருக்கு மேல நான் போன வருஷம் நின்ன அந்த எடத்துல நிக்காங்களாம். நீ அந்த எடத்துல நின்னா திரும்பி வந்துறலாம், தாண்டியிருந்தாலும் பயமில்ல, ஆனா எங்க நிக்கிறன்னு தெரியணும்.

உன் சாக்கெல்லாம் எனக்குத் தெரியும். காலையில சமையல், அப்புறம் ஆபீஸ், வெறும் வயித்துல எப்படிப் போகன்னு கேப்ப. ஹெச்பிஏ1சிக்கு வெறும் வயிறு வேண்டாம், சாயங்காலம் ஆபீஸ் விட்டு வர்ற வழியில, காப்பி குடிச்சுட்டே போயிக் குடுக்கலாம். காசு பெருசுன்னு சொல்லாத, அதவிட பெரிய தொகைக்கு நீ போன மாசம் பட்டுச்சேலை எடுத்தது எனக்குத் தெரியும், அண்ணன் சொல்லிட்டாரு. பயமா இருக்குன்னு மட்டும் சொன்னா ஒத்துக்கிடுவேன், எனக்கும் பயமாத்தான் இருந்துச்சு, அவரு கூட வந்தாரு, கையப் புடிச்சுக்கிட்டாரு. நீ சொல்லு, நான் ரயிலேறி வர்றேன். பெட்டிய இடது கையில தூக்கிக்கிடுவேன்.

நம்ம சேக்காளி ஒல்லியோட மகளுக்கு தை மாசம் கல்யாணம் முடிவாயிருக்கு, உனக்கும் பத்திரிகை வரும். இங்க மழை நல்லா பெஞ்சிருக்கு, உளுந்தும் பாசியும் காட்டுல பச்சப்பசேல்னு நிக்குது. ஆச்சிக்கு மக்களைத் தேடி மருத்துவத்துல மாசா மாசம் மாத்திரை வீட்டுக்கே வருது, வர்ற பொண்ணு போன வாரம் என்னையும் விசாரிச்சுட்டுப் போச்சு. உன் அதிரசத்த ஆச்சி வீட்டுப் பேரப்புள்ளைங்களுக்குக் குடுத்தேன், பாகு பதம் பிரமாதம்னு ஆச்சி சொல்லச் சொன்னாங்க.

வர்ற வெள்ளிக்கெழமைக்குள்ள டெஸ்ட் குடுத்துட்டு, ரிப்போர்ட்ட போட்டோ எடுத்து அனுப்பு. நம்பர் எதுவா இருந்தாலும் மொதல்ல எனக்கு அனுப்பு, அதுக்கப்புறம் அண்ணன்ட்ட சொல்லு.

உன்
தட்டான்

பி.கு.: நீ எனக்கு எழுதுன எல்லா லெட்டரும் பீரோ அடித்தட்டுல இருக்கு, கல்யாணத்துக்கு மொத நாள் எழுதுனதும் சேத்து. நான் எழுதுனது உன்கிட்ட இருக்கா? அந்த நீலப் பெட்டிய வீடு மாத்துறப்போ தூக்கிப் போட்டுறலையே?