தமிழில் கையெழுத்து, மராத்தியில் வாக்குமூலம்

மகாராஷ்டிரச் சட்டமன்ற உறுப்பினர்களுக்குத் தாராவியிலிருந்து வணக்கம்.

என் பெரியப்பா மகன் தோல் பட்டறையில் வேலை பார்த்தவர். ஒரு வழிப்பறி வழக்கில் பிடித்துக்கொண்டு போனபோது அண்ணனுக்கு மராத்தி படிக்கத் தெரியாது. உள்ளே கிடந்த ஐந்து வருடத்தில்தான் கற்றுக்கொண்டார். குற்றமற்றவர் என்று விடுதலையாகி வந்து, வழக்குக் கட்டைப் பிரித்துத் தன் பஞ்சநாமாவை, அதாவது சாட்சிகள் முன் போலீஸ் எழுதும் பதிவை, முதன்முதலாகத் தானே படித்தார். ஒளித்துவைத்த கத்தியை அவரே எடுத்துக் கொடுத்ததாக எழுதியிருந்தது. "படித்துக் காட்டினார்கள், சரியாக உள்ளது" என்ற வரிக்குக் கீழே அவர் கையெழுத்து, தமிழில். அந்த வரிமேல் விரலை வைத்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். பெரியம்மா சோறு போட்டுவிட்டுக் கூப்பிட்டும் எழுந்திருக்கவில்லை.

போலீசிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் செல்லாது என்பது 1872-லிருந்தே சட்டம். 1999-ல் உங்கள் அவைதான் திட்டமிட்ட கும்பல் குற்றங்களுக்கு எதிரான மோக்கா சட்டம் போட்டு, எஸ்.பி.க்குக் குறையாத அதிகாரி பதிவு செய்தால் செல்லும் என்றது. 2006 மும்பை ரயில் குண்டுவெடிப்பு வழக்கு அந்தச் சட்டத்தில்தான் நடந்தது. அந்த வாக்குமூலங்களை நம்ப முடியாதென்று 2025 ஜூலையில் உயர் நீதிமன்றம் 12 பேரின் தண்டனையையும் ரத்து செய்தது. அவர்களில் 5 பேருக்குத் தூக்கு விதிக்கப்பட்டிருந்தது. பன்னிரண்டு பேரில் ஒருவர் 2021-லேயே கொரோனாவில் கைதியாகச் செத்துப்போயிருந்தார். அரசு மேல்முறையீடு செய்திருக்கிறது. முடிவை உச்ச நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் அன்று ரயிலில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்கும் 19 வருடம் கழித்து விடை கிடைக்கவில்லையே.

தவறாக வழக்குப் போடப்பட்டவர்களுக்கு இழப்பீடு தரத் தனி நீதிமன்றம், இடைக்கால உதவி, தொழிற்பயிற்சி எல்லாம் வேண்டும் என்று சட்ட ஆணையம் 2018-ல் தன் 277-வது அறிக்கையில் கேட்டது. புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் அது இடம்பெறவில்லை. ஆதாரமில்லாமல் ஒருவரைக் கைது செய்ய வைத்தவரிடமிருந்து வாங்கித் தரக்கூடிய உச்சத் தொகை இன்றும் ஆயிரம் ரூபாய்தான். அண்ணனின் ஐந்து வருடத்துக்கு ஆயிரம்கூட வரவில்லை. வாட்ச்மேன் வேலைக்குப் போனார். போலீஸ் சரிபார்ப்பில் பழைய வழக்கு வந்து நின்றது.

குற்றவியல் நடைமுறை, மத்திய அரசும் மாநிலமும் சட்டம் போடக்கூடிய பொதுப் பட்டியலில் இருக்கிறது. மோக்காவைப் போட்ட கை இந்த இழப்பீட்டுக்கும் ஒரு சட்டம் போடலாம். இந்தக் கூட்டத்தொடரிலேயே மசோதா கொண்டுவாருங்கள். விடுதலையானவர் பெயரைச் சரிபார்ப்புச் சான்றிதழிலிருந்து நீக்குவதையும் அதில் சேருங்கள்.

இன்னொன்று. கைதுக்கான காரணத்தைக் கைதானவருக்குப் புரியும் மொழியில் எழுதித் தரவேண்டும் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது, மும்பையிலிருந்து போன வழக்கில்தான். தாராவியில் அந்தத் தாள் தமிழில் கிடைக்க வேண்டும். பஞ்சநாமாவும்.