செயலாளரின் ஆண்டறிக்கை: பட்டறையில் செய்த ஹெலிகாப்டர் பாகங்கள்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிக்க இருப்பதால், சங்கப் பட்டறையில் இவ்வாண்டு நடந்த வேலையை மட்டும் இங்கே சொல்கிறேன்.

நம்மில் பெரும்பாலோரிடம் இருப்பது 450 வகை ரேடியோ கண்ட்ரோல் மாடல் ஹெலிகாப்டர். பிளேடு 325 மி.மீ. நீளம்; பிளேடுகளைச் சுழற்றும் செங்குத்துத் தண்டான மெயின் ஷாஃப்ட் 5 மி.மீ. விட்டம்; அதன் உச்சியில் உள்ள ஹெட்டுக்குக் குறுக்கே ஓடி, பிளேடுகளைப் பிடிக்கும் இரு கிரிப்பையும் தாங்கும் கம்பியான ஸ்பிண்டில் 3 மி.மீ. விட்டம். ஒரு முறை பலமாக விழுந்தால் இந்த ஷாஃப்ட், ஸ்பிண்டில் இரண்டோடு மோட்டார் சுழற்றும் பெரிய பல்சக்கரமான மெயின் கியரும், வாலைத் தாங்கும் குழாயான டெயில் பூமும் சேர்ந்து போய்விடும். பழைய மாடல்களுக்கு உதிரிப் பாகம் கிடைப்பது அரிதாகிவிட்டது. அதே நேரத்தில், கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் போனால் தெருவுக்குத் தெரு லேத் பட்டறை. ஆகவே இந்த நான்கு பாகங்களையும் கோவையிலேயே செய்துகொள்வது என்பதுதான் இவ்வாண்டு எடுத்துக்கொண்ட வேலை. எதைச் செய்யலாம் என்பதைவிட எதைச் செய்யவே கூடாது என்பதில்தான் செயற்குழு அதிக நேரம் பேசியது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலில் ஸ்பிண்டில். கடையில் பிரைட் பார் எனும் சாதாரண எஃகுக் கம்பி கேட்டால் சுலபமாகக் கிடைக்கும், ஆனால் அது நமக்கு ஆகாது. பேரிங்கில் சரியாக உட்கார h6 எனும் நுண்ணிய அளவு வரம்பு வேண்டும். 3 மி.மீ. கம்பி 2.994-க்குக் கீழே போகக் கூடாது, 5 மி.மீ. ஷாஃப்ட் 4.992-க்குக் கீழே போகக் கூடாது. வெர்னியர் இந்த வித்தியாசத்தைக் காட்டாது, மைக்ரோமீட்டரில்தான் பார்க்க வேண்டும். கிரைண்ட் செய்து வரும் சில்வர் ஸ்டீல் கம்பி இந்த அளவுக்கு ஒத்துவருகிறது. அதைச் சூடேற்றிக் கடினமாக்காமல் அப்படியே பயன்படுத்துங்கள். மென்மையான கம்பி விழுந்தால் வளையும். முழுக்கக் கடினமாக்கிய கம்பி முறியும். வானத்தில் முறிந்தால் கிரிப்போடு பிளேடும் பறந்து போகும். வளைந்ததை நிமிர்த்தி மறுபடி போடுவதும் வேண்டாம்.

இரு முனையிலும் M2 மரை போட 1.6 மி.மீ. டிரில், 10 மி.மீ. ஆழம். டாப் 8 மி.மீ. வரை போனால் போதும். கட்டிங் ஆயில் விட்டு, அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே. மூன்று தாடை சக்கில் பிடித்துத் துளை போட்டால் நடு தப்பும். நடு தப்பினால் திருகின் தலை சாய்ந்து உட்காரும், அதன் அடியில், பிளேடின் இழுப்பைத் தாங்கும் தள்ளு பேரிங்கின் வாஷரும் சாயும், கிரிப் ஒரு பக்கம் இறுகி ஒரு பக்கம் தளரும். லேத்காரரிடம், கம்பியைச் சுற்றிலும் சமமாகப் பிடிக்கும் காலெட்டில்தான் பிடிக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மாட்டும்போது, பேரிங்கின் இரு வாஷரில் துளை சற்றுப் பெரிதாக இருப்பது ஹெட் பக்கம், சிறிதாக இருப்பது திருகின் பக்கம். மாற்றிப் போட்டவர்களின் ஹெலிகாப்டரில் பிளேடின் கோணத்தை மாற்றும் சிறு மோட்டாரான சர்வோ சூடேறுவதை மைதானத்தில் பார்த்தோம்.

மெயின் ஷாஃப்டில், ஹெட்டையும் கியரையும் போல்ட்டால் பிணைக்கும் இரண்டு குறுக்குத் துளைகள்தான் கஷ்டம். பழைய ஷாஃப்ட் வளைந்திருக்கும் என்பதால் ஒரு முனையிலிருந்தே இரண்டு துளைக்கும் அளவெடுத்தால் குறையும். ஒவ்வொரு துளைக்கும் அதன் பக்கத்து முனையிலிருந்து அளவெடுத்து, மொத்த நீளத்தைத் தனியே சரிபார்க்க வேண்டும். வி-பிளாக்கில் வைத்து, சென்டர் டிரில்லில் தொடங்கி, 1.9 மி.மீ. டிரில், பிறகு துளையை இறுதி அளவுக்குச் சீராக்கும் 2 மி.மீ. ரீமர். நேராக 2 மி.மீ. டிரில் போட்டால் துளை முட்டை வடிவமாகி ஹெட் ஆடும். துளை விளிம்பின் பிசிறை நீக்காமல் பேரிங்குக்குள் நுழைத்தால் உள்வளையம் கீறிப்போகும். கடைசியாக டயல் கேஜில் வைத்து உருட்ட வேண்டும். 0.02 மி.மீ.க்குள் ஆட்டம் என்றால் ஏற்கிறோம், அதற்கு மேல் போனால் வாலை நிலைநிறுத்தும் ஜைரோவுக்கு அதிர்வு போகும்.

மெயின் கியர் நேர்ப்பல்லாக இருந்தால் வெட்டலாம். சாய்வுப் பல் கியரை வாங்கத்தான் வேண்டும். பல்லின் அளவைக் குறிக்கும் மாடுல் 0.5, 150 பல் என்றால் வெளிவிட்டம் 76 மி.மீ., பல் ஆழம் 1.125 மி.மீ., மாடுல் கட்டர் வரிசையில் 8-ஆம் எண். வட்டைச் சம கோணங்களாகத் திருப்பும் 40-க்கு 1 டிவைடிங் ஹெட்டில் 15 துளை வட்டத்தில் 4 இடைவெளி நகர்த்த வேண்டும். இடைவெளி 4 என்றால் ஊசி நிற்கும் துளையையும் சேர்த்து 5 துளை வரும். இதை 4 துளை என்று எண்ணி டிவைடிங் ஹெட்டின் செக்டார் கைகளை அமைத்தால் ஒவ்வொரு அடியும் 3 இடைவெளியாகிக் கியர் முழுவதும் வீண். டெல்ரின் எனும் உறுதியான பிளாஸ்டிக் வட்டுகளை அடுக்கி, இருபுறமும் அலுமினியத் தகடு வைத்து இறுக்கி வெட்டினால் பல் ஓரத்தில் பஞ்சு நிற்காது. வட்டை முதலில் சற்றுப் பெரிதாகக் கடைந்து ஒரு நாள் விட்டு, அதன்பின் இறுதி அளவுக்குக் கொண்டுவாருங்கள். அவசரப்பட்டால் வட்டு கோணும்.

நைலான் மலிவு என்று சிலர் அதில் வெட்டச் சொன்னார்கள். நைலான் காற்றின் ஈரத்தை இழுத்துப் பருக்கும்; கோடையில் சரியாகப் பொருத்திய பினியன் (மோட்டாரின் சிறு பல்சக்கரம்) ஐப்பசி மழையில் இறுகும். டெல்ரினில் இந்தத் தொல்லை மிகக் குறைவு. பினியனைப் பொருத்தும்போது நியூஸ்பேப்பர் கீற்று ஒன்றை நடுவில் ஓடவிடுங்கள். கிழியாமல் மடிப்பு மட்டும் விழுந்தால் சரி. முழுச் சுற்றும் ஓட்டி, இறுக்கமான இடத்தில் வைத்துத்தான் மோட்டார் திருகை முடுக்க வேண்டும்.

டெயில் பூமுக்கு 12 மி.மீ. அலுமினியக் குழாய். 1 மி.மீ. சுவர் குழாய் 0.5 மி.மீ. சுவரைவிட ஏறக்குறைய இரு மடங்கு கனம். வால் தாழும், பேட்டரியை முன்னே நகர்த்த இடம் இருக்காது. மெல்லிய குழாய் கிடைக்கும்வரை காத்திருப்பது நல்லது. குழாய் கட்டரால் வெட்டினால் முனை உட்பக்கம் மடங்கி, குழாய்க்குள் ஓடும் பெல்ட்டை உரசும், ஆகவே நுண்பல் ஹாக்ஸா பிளேடு. பெல்ட் ஓடும்போது நிலைமின்சாரம் சேரும். பூமிலிருந்து மோட்டார் மவுண்டுக்கு ஒரு மெல்லிய கம்பி இணைத்துவிட்டால் காரணம் தெரியாத துடிப்புகள் நிற்கின்றன. ஃப்ரேம் கார்பன் தகடு என்றால் ரிசீவர் ஆன்டெனாவின் கடைசி 31 மி.மீ. அதற்கு வெளியே இருக்க வேண்டும், கார்பன் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை மறைக்கும். கார்பன் அறுக்கும்போது தண்ணீர் தெளித்து, N95 முகக்கவசம் போட்டுத்தான் வேலை.

ஹெலிகாப்டரின் முன்மூடியான கேனோபிக்கு ஃபைபர் கிளாஸ் கடையின் சாதாரண பாலியஸ்டர் ரெசினே போதும். ஆனால் அது தெர்மாகோல் அச்சைக் கரைக்கும். அச்சின் மேல் பேக்கிங் டேப் முழுவதும் ஒட்டி, மெழுகு தேய்த்த பிறகே பூச வேண்டும். 100 கிராம் ரெசினுக்கு ஹார்டனர் 1 முதல் 1.5 கிராம், சித்திரை வெயிலில் 1 கிராமே போதும். ரெசின் இறுகுவதை விரைவுபடுத்தும் கோபால்ட்டையும் ஹார்டனரையும் நேரடியாக ஒன்றோடொன்று கலந்தால் தீப்பிடித்து வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலக்கி முடித்த பிறகுதான் ஹார்டனர். இரண்டு பாட்டிலையும் பட்டறையில் ஒரே அலமாரியில் வைக்கக் கூடாது என்று அறிவிப்பு ஒட்டியிருக்கிறோம்.

3டி பிரிண்டில் செய்யும் பேட்டரி தட்டு, ஜைரோ மேடை, தரையில் நிற்கும் கால்களான ஸ்கிட் எல்லாவற்றுக்கும் PETG பிளாஸ்டிக் பயன்படுத்துங்கள். PLA பிளாஸ்டிக் 60 டிகிரியிலேயே இளகும், வெயிலில் நிறுத்திய காருக்குள் அது கோணிவிடும்.

இனி, செய்யக் கூடாதவை. பிளேடு, பிளேடு கிரிப், ஹெட், பிளேடு போல்ட் நான்கையும் பட்டறையில் செய்வதற்குத் தடை. பிளேடு 30 கிராம், அதன் எடைமையம் ஷாஃப்டிலிருந்து 20 செ.மீ., வேகம் நிமிடத்துக்கு 2,600 சுற்று என்று வைத்துக் கணக்குப் போட்டால், ஒவ்வொரு கிரிப்பையும் ஏறக்குறைய 45 கிலோ இழுக்கிறது. 3,000 சுற்றுக்கு அது 60 கிலோ. பிரிண்ட் செய்த கிரிப்பில் 60 கிலோ தொங்கவிட்டுத் தாங்குகிறதே என்று கேட்ட உறுப்பினர்களுக்குச் செயற்குழுவின் பதில்: தொங்கும் எடை அசையாமல் நிற்கிறது; பறக்கும்போது கிரிப் ஒவ்வொரு சுற்றிலும் முறுக்கப்படுகிறது. 5 நிமிடத்தில் 13,000 முறை. அடுக்குக்கு இடையில் விரிசல் கண்ணுக்குத் தெரியாமல் வளர்ந்து, ஒரு நாள் திடீரென்று பிரியும். கடையில் வாங்கும் முழு மரை போல்ட்டுக்கும் இதே தடைதான். கிரிப்புக்குள் மரையற்ற தண்டு பகுதிதான் சுமை தாங்க வேண்டும், மரை நின்றால் அது கிரிப்பை அராவும்.

சொந்தப் பாகம் போட்ட ஹெலிகாப்டரை முதலில் ஓட்டும்போது குறைந்தது 10 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும், பிளேடு சுழலும் மட்டத்தில் யாரும் இருக்கக் கூடாது. முதல் ஓட்டம் முடிந்ததும் எல்லாத் திருகும் மறுசோதனை. உலோகத்தில் போகும் திருகுக்கு, அது தளராமல் பிடிக்கும் நீல லாக்டைட் பசை. பிளாஸ்டிக்கில் படவிடாதீர்கள், சில பிளாஸ்டிக் விரிசல் விடும்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு கேட்பது மூன்று: 3 மற்றும் 5 மி.மீ. காலெட், பட்டறைக்கென்று சொந்த டயல் கேஜ், கோபால்ட் வைக்கத் தனிப் பூட்டுப் பெட்டி. இவற்றுக்கான தொகையைப் பொருளாளர் அறிக்கையில் காணலாம். அனுமதி கோருகிறேன்.