பல் விளக்காததால் வந்ததல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மூளைக் கட்டிக்குள் பாக்டீரியா இருப்பதாக நீங்கள் வெளியிட்ட செய்தியைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு, எங்கள் மாடியில் குடியிருக்கும் அம்மா என்னிடம் வந்தார். அவர் தம்பிக்கு மூளையில் கட்டி எடுத்து நான்கு மாதம் ஆகிறது. "அவன் ஒழுங்கா பல்லு வெளக்க மாட்டான் அண்ணாச்சி. அதனாலதான் வந்திருக்குமோ?" என்றார். 'புற்றுநோய்க்குக் காரணம் பாக்டீரியா' என்று நீங்கள் போட்ட தலைப்பு செய்த வேலை அது.

நான் திசு ஆய்வகத்தில் 31 ஆண்டுகள் வேலை பார்த்தவன். கட்டியை மெழுகில் பதித்து பிளாக் ஆக்குவோம். மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் மெல்லியதாகச் சீவி, வெந்நீர்த் தொட்டியில் மிதக்கவிட்டு ஸ்லைடில் எடுப்போம். தொட்டித் தண்ணீரை மாற்ற மறந்தால் அதிலுள்ள கிருமியும் ஸ்லைடில் ஏறிவிடும். முந்தின நோயாளியின் துணுக்கு அடுத்தவர் ஸ்லைடில் ஒட்டி, நான் வசை வாங்கியதும் உண்டு. அதனால் 'கட்டிக்குள் கிருமி' என்றாலே எனக்கு முதலில் அந்தத் தொட்டிதான் ஞாபகம் வரும்.

2020இல் மூளை உட்பட ஏழு வகைக் கட்டிகளில் பாக்டீரியாவைக் கண்ட இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தாருக்கும் இதே சந்தேகம் இருந்திருக்கிறது. திசுவே இல்லாத வெறும் மெழுகையும் சேர்த்துச் சோதித்து, அதில் அகப்பட்டதைக் கழித்துவிட்டுத்தான் கணக்குச் சொன்னார்கள். அதுதான் வேலை! அதே ஆண்டு நேச்சர் என்ற அறிவியல் இதழில், 33 வகைப் புற்றுநோய்க்கும் கிருமி அடையாளம் உண்டென்று வந்த கட்டுரையோ, மனித மரபணுத் துண்டுகளையே கிருமி என்று எண்ணியது முதலான பிழைகளால் 2024இல் திரும்பப் பெறப்பட்டது.

2025இல் ஹூஸ்டனின் எம்.டி. ஆண்டர்சன் மையத்தார் மூளைக் கட்டிகளில் கண்டது பாக்டீரியாவின் தடயங்களை. அவற்றில் சில வாய்க் கிருமிகளோடு ஒத்துப்போயின. ஆனால் ஆய்வகத்தில் வழக்கமான முறையில் எந்தக் கிருமியையும் உயிரோடு வளர்த்தெடுக்க முடியவில்லை. ரத்தத்தில் உள்ள கண்டதும் மூளைக்குள் புகாமல் காக்கும் தடுப்பு, கட்டி வந்த இடத்தில் ஓட்டையாகிவிடுவது உண்டு. கிருமியின் எச்சம் பிறகு அந்த வழியே வந்திருக்கவும் கூடும்.

கிருமிக்குப் பங்கே இல்லை என்று நான் வாதாடவில்லை. சில பாக்டீரியாக்கள் ஜெம்சிடபின் என்ற புற்றுநோய் மருந்தைச் சிதைப்பதை, கணையக் கட்டியை வைத்து 2017இல் காட்டியிருக்கிறார்கள். ஆனால் மருந்தைக் கெடுப்பது வேறு, நோயைக் கொண்டுவருவது வேறு.

ஆன்டிபயாடிக் வாங்கிக் கொடுக்கலாமா என்றும் அந்த அம்மா கேட்டார். டாக்டரைக் கேட்காமல் ஒரு மாத்திரையும் வேண்டாம் என்றேன். பல் விளக்காததால் வந்ததல்ல என்று நான் சொன்னதை அவர் நம்பியதாகத் தெரியவில்லை. நீங்கள் போட்டால் நம்புவார். அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் போடுங்கள்.

- ஓய்வுபெற்ற லேப் டெக்னீசியன், பாளையங்கோட்டை