சோற்றைச் சூடாக்கலாமா என்று கேட்டாயே

அன்புள்ள கயலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. தைலத்தையும் தேய்த்துக்கொண்டு மாடிக்கும் ஏறி இறங்குகிறாள், சொன்னால் கேட்பதில்லை. சம்பா அறுவடை ஆரம்பித்துவிட்டது. மன்னார்குடி ரோட்டில் பாதியை அடைத்துக்கொண்டு நெல் காய்கிறது. பஸ்காரர்கள் திட்டிக்கொண்டே ஓரமாகப் போகிறார்கள்.

அன்றைக்கு ரயில் ஏறுகிற அவசரத்தில் அடுக்கடுக்காகக் கேட்டாய். மிச்சச் சோற்றைச் சூடாக்கினால் விஷமாமே, புழுங்கலரிசி எதில் ஒசத்தி, ஆபீஸுக்கு வந்த டயட்டீஷியன் சோற்றையே விடச் சொல்கிறாரே என்று. அதற்குள் லைன் கட்டாகிவிட்டது. நெல் அவித்தே காலம் தள்ளியவனிடம் அரிசியைப் பற்றிக் கேட்டுவிட்டு ஒரு வரியில் தப்பிக்க முடியுமா? உட்கார்ந்து படி.

முதலில் சூடாக்குகிற விஷயம். உன் அறைத்தோழி சொன்னதில் உண்மை இருக்கிறது, ஆனால் பழியைத் தூக்கி அடுப்பின் மேல் போட்டுவிட்டாள். பேசில்லஸ் சீரியஸ் என்று ஒரு பாக்டீரியா. மண்ணில் கிடப்பது, நெல்லோடு ஒட்டிக்கொண்டு அரிசிக்கும் வந்துவிடும். உலை கொதிக்கும்போது மற்ற கிருமிகள் செத்துப்போகும். இது மட்டும் ஸ்போர் என்கிற உறை ஒன்றுக்குள் சுருண்டு தப்பித்துவிடும். அப்புறம் சோறு வெதுவெதுப்பாகச் சமையல் மேடையில் கிடக்கும் நேரம் பார்த்து முளைத்துப் பெருகி, ஒரு நஞ்சைச் சோற்றில் விட்டுவைக்கும். அந்த நஞ்சுக்குச் சூடு ஒரு பொருட்டே கிடையாது. மைக்ரோவேவில் ஆவி பறக்கச் சூடாக்கினாலும் அப்படியே இருக்கும். சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி எடுக்க வைக்கும். பெரும்பாலும் ஒரு நாளில் சரியாகிவிடும், ஆனால் அந்த ஒரு நாள் போதாதா?

1970-களின் தொடக்கத்தில் லண்டனில் ஃப்ரைடு ரைஸ் சாப்பிட்ட பல பேருக்கு இப்படித்தான் வாந்தி வந்தது. என்னவென்று தேடிப்போனால், முன்கூட்டியே மொத்தமாக வேகவைத்த சோற்றை ஓட்டல்காரர்கள் வெளியிலேயே வைத்திருக்கிறார்கள். ஃப்ரிட்ஜில் வைத்தால் கட்டி தட்டும், வறுக்கும்போது உதிராது என்று அவர்களுக்கு ஒரு கணக்கு. மறுபடி வாணலியில் போட்டுப் புரட்டியது நஞ்சை ஒன்றும் செய்யவில்லை.

நீ இருக்கிற கோலாலம்பூரில் மதியம் 32, 33 டிகிரி சர்வசாதாரணம். அந்தச் சூடு இந்தக் கிருமிக்கு மாப்பிள்ளை விருந்து மாதிரி. அதனால் சோறு மிச்சமானால் பானையோடு ஆறட்டும் என்று விடாதே. குவியலாக இருந்தால் மேலே ஆறினாலும் நடுவில் வெகுநேரம் சூடு இருக்கும். அகலமான தட்டில் பரப்பிவிடு, ஒரு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜுக்குள் போய்விட வேண்டும். மறுநாளே தீர்த்துவிடு. பிரிட்டனில் உணவுத் தரத்துறையும் 24 மணி நேரத்துக்கு மேல் வைக்காதே என்றுதான் சொல்கிறது. சூடு பண்ணுவது ஒரே ஒரு தடவை, அதுவும் நன்றாக ஆவி வரும்வரை. ரைஸ் குக்கரில் 'வார்ம்' போட்டிருந்தால் கொஞ்ச நேரத்துக்குப் பயமில்லை, 60 டிகிரிக்கு மேலே இந்தப் பாக்டீரியா பெருகாது. ஸ்விட்சை அணைத்துவிட்டு ராத்திரி முழுக்க மூடி வைக்கிறாயே, அதுதான் கூடாது.

"அப்படியானால் நீங்கள் மட்டும் பழையது சாப்பிடுகிறீர்களே" என்பாய். சாப்பிடுகிறேன், சின்ன வெங்காயத்தோடு, விடுவதாகவும் இல்லை. தண்ணீர் ஊற்றிய சோற்றில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் வேலை செய்து புளிப்பு ஏற்றும். புளிப்பு ஏறினால் அந்தப் பேசில்லஸ் சீரியஸுக்கு வளர்ச்சி குறையும். அதற்காக அதை நூற்றுக்கு நூறு காவல் என்று நினைத்துவிடாதே. உன் அம்மா ராத்திரி ஊற்றி விடிந்ததும் எடுத்துவிடுவாள், மதியத்துக்கு வைக்கமாட்டாள். சுத்தமான பாத்திரம், அளவான நேரம் என்று அதற்கு ஒரு பழக்கம் இருக்கிறது. நீ அங்கே இரண்டு நாள் சோற்றில் தண்ணீரை ஊற்றிவிட்டு "பாரம்பரியம்" என்று சொல்லாதே.

சரி, புழுங்கல். இது என் தொழில், கொஞ்சம் நீளும்.

பச்சரிசிக்கு நெல்லைக் காயவைத்து அப்படியே அரைக்கிறோம். புழுங்கலுக்கு நெல்லை உமியோடு தொட்டியில் ஊறப்போட்டு, ஆவியில் அவித்து, காயவைத்து, அதற்கப்புறம்தான் அரவை. அந்தக் காலத்தில் பச்சைத் தண்ணீரில் இரண்டு மூன்று நாள் கிடக்கும். தண்ணீர் புளித்து, அந்த வாடை சோறு வரைக்கும் வரும். வெந்நீரில் சில மணி நேரம் ஊறவைக்கிற முறை வந்தபிறகுதான் வாடை போயிற்று. அவிந்ததா இல்லையா என்று மெஷின் சொல்லாது. தொட்டியிலிருந்து ஒரு கைப்பிடி எடுத்தால் உமி லேசாக வாய் பிளந்திருக்க வேண்டும். உரித்து நகத்தால் நசுக்கினால் ரப்பர் மாதிரி இழுக்கும். காய்ந்த பிறகு அரிசியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்போம். கண்ணாடி போல முழுக்க ஊடுருவித் தெரிந்தால் சரி. நடுவில் வெள்ளையாக ஒரு பொட்டு நின்றால் உள்ளே ஆவி போகவில்லை, அந்த லாட்டில் குருணை அதிகம் விழும் என்று அப்போதே தெரிந்துவிடும்.

அவிக்கும்போது கண்ணுக்குத் தெரியாத ஒன்றும் நடக்கிறது. அரிசியின் மேல்தோலிலும் முளைப்பகுதியிலும்தான் தயமின், அதாவது பி1 வைட்டமின், அதிகம் இருக்கும். ஊறலிலும் ஆவியிலும் அது கரைந்து அரிசியின் உட்பக்கம் இறங்கிவிடும். மாவுச்சத்தும் வெந்து இறுகிவிடுவதால் அங்கேயே பிடித்துக்கொள்ளும். பிறகு பாலீஷ் போட்டுத் தவிட்டை எடுத்தாலும் ஒரு நல்ல பங்கு மிஞ்சும். பச்சரிசியைப் பாலீஷ் போட்டால் தவிட்டோடு அதுவும் மாட்டுக்குப் போய்விடும்.

இது உயிர் போகிற விஷயம் என்று முதலில் தெரிந்த ஊர்களில் ஒன்று நீ இருக்கிற ஊர்தான். நூறு, நூற்றிருபது வருஷத்துக்கு முன்னால் மலாயாவில் பெரிபெரி நோய் கூட்டம் கூட்டமாக ஆட்களைக் கொன்றுகொண்டிருந்தது. கால் மரத்துப்போகும், வீங்கும், கடைசியில் இதயம் நின்றுவிடும். சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளிகளுக்கு அதிகம் வந்தது, அவர்கள் சாப்பிட்டது தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. நம் ஊர்ப் பக்கத்திலிருந்து போன தமிழ்க் கூலிகளுக்கு அபூர்வமாகத்தான் வந்தது. அவர்கள் சட்டியில் இருந்தது புழுங்கல். 1905-ல் வில்லியம் ஃப்ளெட்சர் என்ற டாக்டர் கோலாலம்பூர் மனநல விடுதியில் இருந்தவர்களை இரண்டு பிரிவாக்கினார். ஒரு பிரிவுக்குப் பச்சரிசி, இன்னொன்றுக்குப் புழுங்கல், மற்றபடி ஒரே சாப்பாடு. பச்சரிசிப் பிரிவில் பெரிபெரியால் பதினெட்டுப் பேர் இறந்தார்கள். புழுங்கல் பிரிவில் ஒருவரும் இல்லை. அந்த நோயாளிகளிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்கமாட்டார்கள் என்பது எனக்கு நெருடத்தான் செய்கிறது. இருந்தாலும் அந்தக் கணக்கை மறுக்க முடியவில்லை.

அதற்குக் கொஞ்சம் முன்னால், ஜாவாவில் ஐக்மன் என்ற டச்சு டாக்டரின் கோழிகளுக்கும் இதே மாதிரி கால் தள்ளாடியது. ஆஸ்பத்திரியில் மிச்சமான வெள்ளைச் சோற்றைப் போட்டு வளர்த்த கோழிகள். புதிதாக வந்த சமையல்காரர் ஆஸ்பத்திரிச் சோற்றைக் கோழிக்குத் தரமாட்டேன் என்று மறுத்ததும், தீட்டாத அரிசி போட்டார்கள். கோழிகள் எழுந்து நடந்தன. சமையல்காரருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, ஐக்மனுக்கு 1929-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இதே கதைதான் சமீப வருஷங்களில் ரேஷன் கடையில் வேறு வேஷத்தில் நடந்தது. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 எல்லாம் கலந்து, மெஷினில் அரிசி வடிவத்திலேயே பிழிந்து, நூறு கிலோவுக்கு ஒரு கிலோ என்று சாதா அரிசியில் கலந்தார்கள். செறிவூட்டப்பட்ட அரிசி என்று பெயர். நிறம் லேசாக மாறியிருக்கும், சிலது தண்ணீரில் மிதக்கும். அவ்வளவுதான், பெரியத்தைக்குப் பிளாஸ்டிக் அரிசியாகிவிட்டது. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொறுக்கிக் கோழிக்குப் போடுகிறாள். சத்தான பருக்கை மட்டும் பார்த்துக் கோழிக்குப் போகிறது. "மாவுதான் அத்தாச்சி, மென்று பாருங்கள், கரையும்" என்று நானே வாயில் போட்டுக் காட்டினேன். "உனக்கென்ன, மில்லுக்காரன் வயிறு" என்கிறாள்.

டயட்டீஷியன் சொன்னதற்கு வருகிறேன். அவர் சொன்னதை நான் முழுக்கத் தள்ளமாட்டேன். நம் குடும்பத்தில் சர்க்கரை இருக்கிறது, தீட்டிய அரிசி ரத்தத்தில் சீக்கிரம் சர்க்கரையாக ஏறும், நீ நாள் முழுக்க நாற்காலியில் இருக்கிறாய். ஆனால் "சோற்றையே விடு" என்பது பாதி நாள் தாங்கும் வைத்தியம், மீதி நாள் பிஸ்கட்டில் போய் முடியும். தட்டில் சோற்றை ஒரு கரண்டி குறைத்து, அந்த இடத்தில் காயும் பருப்பும் மீனும் ஏறட்டும். புழுங்கலில் சர்க்கரை ஏறும் வேகம் பச்சரிசியைவிடக் கொஞ்சம் மட்டு, அவ்வளவுதான், அதைச் சாக்காக வைத்து அளவைக் கூட்டாதே.

உன் சித்தப்பா ஒரு வாட்ஸ்அப் அனுப்பினாரே, தேங்காய் எண்ணெய் விட்டு வடித்து ஃப்ரிட்ஜில் வைத்தால் சோற்றில் கலோரி பாதியாகிவிடும் என்று. அதன் வேர் நிஜம். 2015-ல் இலங்கையைச் சேர்ந்த ஆய்வாளர்கள் அமெரிக்க வேதியியல் சங்கக் கூட்டத்தில் இப்படி ஒரு ஆரம்பகட்ட ஆய்வைச் சொன்னார்கள். சோறு குளிரும்போது மாவுச்சத்தின் இழைகள் ஒன்றோடொன்று இறுக்கமாகச் சேர்ந்துகொள்ளும், அப்படிச் சேர்ந்தது குடலில் எளிதில் செரிக்காது, மறுபடி சூடாக்கினாலும் ஒரு பங்கு அப்படியே இருக்கும். ஆனால் பாதி கலோரி என்பது சாதகமான ரகத்தை வைத்துப் போட்ட நம்பிக்கைக் கணக்கு. வாட்ஸ்அப்பில் அது சத்தியமாகிவிட்டது. சித்தப்பா இப்போது மூன்று கரண்டி எண்ணெய் விடுகிறார், எண்ணெயின் கலோரியை யார் கணக்குப் போடுவது?

வடித்த சோறு, குக்கர் சோறு சண்டை நம் வீட்டிலேயே தீரவில்லை. வடித்தால் சர்க்கரையெல்லாம் கஞ்சியோடு போய்விடும் என்பது அம்மா கட்சி. கஞ்சியில் போவது கொஞ்சம் மாவுதான், பெரும்பங்கு பருக்கையிலேயே இருக்கிறது. பி வைட்டமின்கள்தான் கரைந்து போகும். அதனால் அந்தக் கஞ்சியில் உப்புப் போட்டுக் குடிப்பவன் நான்! வடிப்பதில் ஒரு லாபமும் உண்டு. சில இடத்து அரிசியில் நிலத்தடி நீரிலிருந்து ஆர்செனிக் என்கிற நச்சுப்பொருள் ஏறியிருக்கும், நிறையத் தண்ணீரில் வேகவைத்து வடித்தால் அதில் ஒரு பகுதி வெளியே போய்விடும். எங்கிருந்து வந்த அரிசி என்று தெரியாதபோது வடித்துவிடு. தெரிந்த அரிசி என்றால் உன் வசதி.

இன்னொன்று. அங்கே கடையில் "இந்தியப் பொன்னி" என்று கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறாயே, அதன் பூர்வீகத்தில் பாதி மலேசியாதான். ஒடிசாவில் இருக்கிற கட்டாக்கில் ஜப்பானிய வகையையும் (ஜப்பானிகா) நம் பக்கத்து வகையையும் (இண்டிகா) ஒட்டுச் சேர்க்கிற வேலை நடந்தபோது பிறந்தது மாசூரி என்ற நெல் ரகம். அதன் பெற்றோரில் ஒன்று மயாங் எபோஸ் என்ற மலாய் ரகம். 1965-ல் மலேசியாவில் வெளியிட்டார்கள். அதிலிருந்து எடுத்ததுதான் நம் வெள்ளைப் பொன்னி. கடைக்காரர்கள் பெருமை பேசும் சோனா மசூரியும் அந்த வம்சம்தான்.

மூட்டை வாங்கும்போது பளபளப்பைப் பார்த்து ஏமாறாதே. அரைத்து ஆறு மாதமாவது ஆனதா என்று கேள். புது அரிசி குழையும், பொங்கலுக்கு நல்லது. பழகிய அரிசிதான் தண்ணீர் இழுத்து உதிர்உதிராக வரும், சோறும் காணும். ஞாயிற்றுக்கிழமை வீடியோ காலில் வரும்போது நாலு பருக்கையைக் கறுப்புத் துணியில் போட்டு கேமராவுக்குப் பக்கத்தில் பிடி. வெள்ளைப் பொட்டு இருந்தால் அந்தக் கடையை மாற்று. அம்மா மோர் மிளகாய் காயவைத்திருக்கிறாள், உன் மாமா பையன் அடுத்த வாரம் அங்கே வரும்போது கொடுத்து அனுப்புகிறோம். அவனுக்கு வீட்டு விலாசத்தை அனுப்பிவிடு.

அன்புடன்,
அப்பா