நோய்ச் சோதனைப் பதிவேட்டில் மணியையும் குறிக்கக் கோரும் மனு

அனுப்புநர்: ஓய்வுபெற்ற பயிர் நோயியல் ஆய்வாளர்

பெறுநர்: வேளாண்மைத் துறை இயக்குநர் அவர்கள்

பொருள்: ரகங்களின் நோய் எதிர்ப்புத்திறன் சோதனையில் கிருமிக் கரைசல் தெளிக்கும் நேரத்தைப் பதிவு செய்தல் – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். புதிய ரகங்கள் நோயைத் தாங்குமா என்று பார்க்க, கிருமிக் கரைசலை இலைகளில் தெளித்துப் புள்ளிகளை எண்ணும் வேலையைப் பல ஆண்டுகள் செய்தவன் நான். பதிவேட்டில் நாள், வெப்பநிலை, ஈரப்பதம் எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது, மணிக்கு இல்லை. மற்ற வேலை முடிந்த பிறகு தெளிப்போம். காலையா மாலையா என்று யாரும் கேட்டதில்லை. நானும் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டும். செடிக்குள் ஏறத்தாழ 24 மணி நேரச் சுழற்சியில் ஓடும் உயிர்க்கடிகாரம் ஒன்று உண்டு. தொட்டாற்சிணுங்கியை இருட்டில் வைத்தாலும் அதன் இலைகள் வேளை தவறாமல் விரிந்து மூடுவதை 1729-லேயே பிரெஞ்சு அறிஞர் தெ மெய்ரான் பதிவு செய்தார். அந்தக் கடிகாரம் நோய் எதிர்ப்பு மரபணுக்களையும் இயக்குகிறது என்பதை 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. அடிச்சாம்பல் நோய்க்கிருமி விடியலில் தன் நுண்வித்துகளைப் பரப்புகிறது. அந்த ஆய்வில் பயன்பட்ட அரபிடாப்சிஸ் என்னும் சிறு செடியோ அவை வந்து இறங்கும்வரை காத்திருப்பதில்லை. அந்த வேளையை எதிர்பார்த்தே காவலைப் பலப்படுத்தி வைக்கிறது.

பொட்ரைட்டிஸ் என்னும் சாம்பல் பூசணத்திலும் இதே கதைதான். விடியலில் தொற்றினால் இலை ஓரளவு தாக்குப்பிடிக்கிறது, இரவில் தொற்றினால் எளிதில் வீழ்கிறது. போதாக்குறைக்கு அந்தப் பூசணத்துக்கும் சொந்தக் கடிகாரம் உண்டு. அந்தியில்தான் அதன் வீரியம் கூடுகிறது என்று 2015-இல் தெரியவந்தது.

ஆக, ஒரே ரகத்துக்கு ஒரு மையத்தில் காலையிலும் மற்றொன்றில் அந்தியிலும் கரைசல் தெளித்தால், ‘தாங்கும்’, ‘தாங்காது’ என்று இரு முடிவுகள் வரக்கூடும். அது ரகத்தின் குணமா, நேரத்தின் விளைவா என்று பிரித்தறிய வழியே இல்லை.

அரபிடாப்சிஸ் கடுகுக் குடும்பத்துக் களை, பயிரல்ல என்று அலுவலர்கள் சொல்லக்கூடும். நியாயமான தயக்கம்தான். ஆனால் மணி குறிக்கப்படாத பதிவேட்டை வைத்துக்கொண்டு, பயிரில் அப்படி நிகழாது என்றும் சொல்ல முடியாதே!

எனவே, சோதனைப் படிவத்தில் தெளித்த மணிக்கு ஒரு கட்டம் சேர்க்க ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். வளர்ப்பு அறைகளில் சுவர்க் கடிகாரத்தின் மணி பயன்படாது; அங்கே செடிக்கு விளக்கு எரிவதே விடியல் என்பதால், விளக்கு எரியத் தொடங்கி எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதையே எழுத வேண்டும். அடுத்த பருவத்தில் சில ரகங்களையாவது விடியலிலும் அந்தியிலும் தனித்தனியே சோதித்து, முடிவுகளை வெளியிடவும் வேண்டுகிறேன். அதற்கான செய்முறையை ஊதியமின்றி எழுதித்தர அணியமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்